படிப்பகத்தைப் பூட்டிய நகர்மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நகர்மன்றத் தலைவர், ஆணையர், மன்ற உறுப்பினர்கள் அனைவருக்கும்,

பேருந்து நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் நகராட்சிப் படிப்பகத்தைப் பூட்டிவிட்டீர்கள். அந்தக் கட்டடத்தைக் கடை வைக்க வாடகைக்கு ஏலம் விடவும் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். 'போதிய பயன்பாடு இல்லை' என்று தீர்மானக் குறிப்பில் காரணம் எழுதியிருக்கிறது. நாங்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மனுவுக்கு வாய்மொழியாகத்தான் பதில் வந்தது. "பேப்பர் எல்லாம் இப்போ போன்லயே வருது. பெரியவங்க ஞாபகசக்திக்குன்னே ஆப் இருக்கு. முதியோர் தினத்துக்கு ஒரு முகாம் போட்டுத் தர்றோம்." இந்தப் பதிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை. அதனால்தான் ஊரே படிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அரசுப் பணியில் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு பிபி பார்க்கும் கருவியை எடுத்துக்கொண்டு காலை நேரங்களில் படிப்பகத்துக்குப் போவது என் வழக்கம். வருகிறவர்களுக்குப் பிபி பார்ப்பேன், மாத்திரைச் சீட்டைப் படித்துச் சொல்வேன். அங்கே நான் கண்ணால் பார்த்ததையும், வேலையில் தெரிந்துகொண்டதையும் வைத்துத்தான் இதைச் சொல்கிறேன்.

பயன்பாடு இல்லை என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? படிப்பகத்தில் வருகைப் பதிவேடு கிடையாது. பேப்பர் படிக்க யாரும் கையெழுத்துப் போடுவதில்லை. பார்வையிட வந்த ஊழியர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் வந்தார். அப்போது பெஞ்சு காலியாகத்தான் இருக்கும். விடிந்தவுடன் வந்திருந்தால் வேறு படிப்பகத்தைப் பார்த்திருப்பார். பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கமாகப் போய்விடும். கண் சரியாகத் தெரியாதவர்களுக்காக ஒருவர் சத்தமாக வாசிப்பார். மேட்டூர் அணையின் நீர்மட்டம், தங்கம் விலை, இறந்தவர்கள் விளம்பரம் என்று போகும். நடுவில் யாராவது மறுத்துப் பேசுவார்கள். "போன வாரம் வேற மாதிரி சொன்னாரே அந்த மந்திரி?" என்று ஒருவர் கேட்டால், என்றைக்கு, எந்த ஊர்க் கூட்டத்தில் சொன்னார் என்று இன்னொருவர் தேதியோடு சொல்வார். அதற்கு மூன்றாமவர் ஆட்சேபம் சொல்வார். பழைய பேப்பர் கட்டை அவிழ்த்துத் தேடிப் பார்த்து முடிவுக்கு வருவார்கள்.

பக்கத்தில் இட்லிக்கடை வைத்திருக்கும் அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாசிப்பதைக் கேட்பதற்கென்றே வாசல் திண்ணையில் வந்து உட்காருவார். அப்புறம் கடையில் இட்லி எடுத்து வைத்தபடியே அத்தனை செய்தியையும் வரிசை மாறாமல் சாப்பிட வருகிறவர்களுக்குச் சொல்வார். எழுபது வயதைத் தாண்டியவர். கடன் கணக்கு முழுக்க மனதில்தான்.

வீட்டில் ஒரு முதியவரிடம் நாம் என்ன கேட்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள். "சாப்பிட்டீங்களா?" "மாத்திரை போட்டாச்சா?" இரண்டுக்கும் தலையை ஆட்டினால் போதும். நேற்று நடந்ததை நினைவுபடுத்தி, வார்த்தை தேடி, எதிரில் இருப்பவர் ஒத்துக்கொள்ளும்படி சொல்ல வேண்டிய தேவை அந்த வீட்டில் அவருக்கு ஒரு நாளும் வருவதில்லை. படிப்பகத்தில் அது தினமும் வந்தது. அவர் சொல்வதைக் கேட்க அங்கே ஆள் இருந்தது, தப்பாகச் சொன்னால் விடாமல் திருத்தவும் ஆள் இருந்தது. நீங்கள் பூட்டியது இதைத்தான்.

வயதானால் மறதி வரும் என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிடுகிறோம். ஆள் பெயர் சட்டென்று வாயில் வராமல் கொஞ்ச நேரம் கழித்து வருவது, புதிதாக ஒன்றைக் கற்க முன்பைவிட நேரம் பிடிப்பது, இரண்டு வேலையை ஒரே சமயத்தில் செய்யத் திணறுவது எல்லாம் வயதோடு சாதாரணமாக வருபவை. சொல்வளமும் உலக அறிவும் அத்தனை சீக்கிரம் குறைவதில்லை. ஆனால் சொன்னதையே சற்று நேரத்தில் திரும்பச் சொல்வது, பழகிய தெருவில் வழி தவறுவது, காசு எண்ணத் தடுமாறுவது, குணமே மாறுவது, இவையெல்லாம் 'வயசாயிடுச்சு' என்று விட்டுவிடக் கூடாதவை. இந்த வித்தியாசத்தை முதலில் யார் கவனிக்கிறார்கள்?

எங்கள் படிப்பகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்த ஒரு பெரியவர். ஊரில் எந்தக் கம்பத்துக்கு எந்த டிரான்ஸ்ஃபார்மர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். அப்படிப்பட்டவர் ஒரு கட்டத்தில் படித்த பக்கத்தையே திரும்பத் திரும்பப் படிக்க ஆரம்பித்தார், கேட்ட கேள்வியையே கேட்டார். செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு போனார். வீட்டில் யாருக்கும் அது உறுத்தவில்லை. அங்கே அவர் டிவி முன்னால் அமைதியாக உட்கார்ந்திருப்பவர். படிப்பக நண்பர்கள்தான் அவர் மகனைக் கூப்பிட்டுச் சொன்னார்கள். முதலில் பார்த்த மருத்துவர் 'வயசுதான்' என்று அனுப்பிவிட்டார். நண்பர்கள் விடவில்லை, நானும் விடவில்லை. அவர் சர்க்கரைக்காகப் பல வருடமாக மெட்ஃபார்மின் மாத்திரை எடுப்பவர். நீண்ட காலம் அதை எடுப்பவர்களுக்குப் பி12 சத்து குறையக்கூடும் என்பது மருத்துவத்தில் தெரிந்த விஷயம். பரிசோதனையில் பி12 மிகவும் குறைவாக இருந்தது. ஊசி போட்டார்கள், மெல்ல மெல்லத் தெளிந்தார். முழுக்கப் பழைய ஆளாகிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஏலம் விடப்போகிறீர்கள் என்ற செய்தியைப் பேப்பரில் கண்டுபிடித்து எங்களுக்கு வாசித்துக் காட்டியவர் அவர்தான்.

பி12 குறைவு, தைராய்டு குறைவு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், தலையில் அடிபட்டு உள்ளே ரத்தம் கட்டுவது என்று மறதிக்குச் சரிசெய்யக்கூடிய காரணங்கள் பல உண்டு. கவனிக்க ஆள் இருந்தால்தான் அவை கண்ணில் படும்.

சரி, திரும்பாத மறதி நோயைப் பற்றி. டிமென்ஷியா என்று டாக்டர்கள் சொல்வது. மன்றக் கூட்டத்தில் ஓர் உறுப்பினர் 'நம்ம பக்கம் கூட்டுக் குடும்பம், இதெல்லாம் பட்டணத்து வியாதி' என்று பேசியதாகக் கேள்விப்பட்டேன். 1990களிலேயே சென்னையை அடுத்த திருப்போரூர் வட்டாரக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பார்த்த மருத்துவர்கள், 60 வயதைக் கடந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருப்பதை 1997ல் வெளியிட்டார்கள். 2023ல் வெளியான நாடு தழுவிய ஆய்வின் மதிப்பீட்டில் அந்த வயதினரில் 7.4 சதவீதம், அதாவது இந்தியாவில் ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம், பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கு அதிகம் என்றும் அதே ஆய்வு சொல்கிறது. தமிழ்நாட்டில் 60 வயதுக்கு மேற்பட்டவர்கள் 2021ல் 13.6 சதவீதமாக இருப்பார்கள், 2031ல் 18.2 சதவீதமாகிவிடுவார்கள் என்பது அரசே வெளியிட்ட கணிப்பு. நீங்கள் அடுத்தடுத்து ஓட்டுக் கேட்டு ஏறப்போகும் படிகளில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு முதியவர்கள் உட்கார்ந்திருக்கப் போகிறார்கள்.

இந்த நோயை முழுக்கத் தடுக்க இன்று வழி இல்லை. ஆனால் லான்செட் மருத்துவ இதழ் அமைத்த வல்லுநர் குழு 2024ல் ஒரு கணக்குச் சொன்னது. 14 காரணிகளைச் சரிசெய்ய முடிந்தால், உலகில் டிமென்ஷியா வருபவர்களில் ஏறத்தாழ 45 சதவீதம் பேருக்கு அதைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ வாய்ப்பு உண்டு என்றது. ரத்த அழுத்தம், சர்க்கரை, கெட்ட கொழுப்பு, புகை, குடி, உடலை அசைக்காத வாழ்க்கை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. அவற்றை நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இளமையில் படிப்பு கிடைக்காமல் போவது, காது கேளாமை, கண் பார்வை மங்குவது, பேச்சுத்துணை இல்லாத தனிமை ஆகியவையும் அதே பட்டியலில்தான் இருக்கின்றன. ஒரு படிப்பகம் டிமென்ஷியாவுக்கு மருந்து என்று நான் சொல்லவில்லை. தனிமை மறதியைக் கொண்டுவருகிறதா, மறதி ஆரம்பித்ததால்தான் ஆள் தனிமைப்படுகிறாரா என்று பிரித்துச் சொல்வதும் கடினம். இரண்டுமே இருக்கலாம். ஆனால் நடந்து வருவது, வாசிப்பது, கேட்பது, பேசுவது, பிபி பார்த்துக்கொள்வது எல்லாமே காசில்லாமல் ஒரே இடத்தில் நடந்த வேறு கட்டடம் இந்த ஊரில் இருந்தால் காட்டுங்கள்.

என் அண்ணனைப் பற்றி எழுத அவரிடமே அனுமதி கேட்டுவிட்டேன். அவர் தனியார் பஸ்ஸில் நடத்துநராக இருந்தவர். எந்த ஸ்டாப்பில் ஏறி எந்த ஸ்டாப்பில் இறங்கினால் எவ்வளவு என்று சீட்டுப் புத்தகத்தைப் பார்க்காமல் சொன்னவர். சில வருடங்களாகக் காது மந்தம். வீட்டில் நாங்கள் கெஞ்சியும் காதுக்கருவி போட மறுத்தார். படிப்பகத்தில் வாசிப்பது அரைகுறையாகக் கேட்டு, சம்பந்தமில்லாமல் ஏதோ சொல்லி, எல்லோரும் சிரித்துவிட்ட ஒரு நாளுக்குப் பிறகு அவராகவே போய் வாங்கிக்கொண்டார். அங்கே போகும்போது தவறாமல் போடுவார். இப்போது அந்தக் கருவி டப்பாவுக்குள் இருக்கிறது. "யார்கிட்ட பேசறதுக்கு?" என்கிறார். பகல் முழுக்கப் படுக்கை, ராத்திரி தூக்கமில்லை. பேசும்போது பெயர்களைத் தேடுகிறார். பூட்டு போட்டதால்தான் இது என்று என்னால் நிரூபிக்க முடியாது. ஆனால் இந்த மாற்றத்தைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன், அதனால் சொல்லாமல் இருக்கவும் முடியாது.

காதுக்கருவி பற்றி அமெரிக்காவில் 70 வயதுக்கு மேற்பட்ட 977 பேரை மூன்று வருடம் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2023ல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் ஏற்கனவே ரத்த அழுத்தம், சர்க்கரை போன்ற ஆபத்துகள் அதிகம் இருந்தவர்களிடம், கருவியும் பயிற்சியும் கிடைத்தவர்களுக்கு மூளைத்திறன் சரிவு 48 சதவீதம் குறைவாக இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர்கள் பலர் அந்த ஆபத்துள்ள வகைதான். கருவி வாங்கிக் கொடுத்துவிடலாம். அதைப் போட்டுக்கொண்டு கேட்பதற்குப் பேச்சு வேண்டுமே.

ஆப் பற்றிச் சொன்னீர்கள். ஞாபகசக்தி விளையாட்டுகளை விற்ற லூமாஸ் லேப்ஸ் என்ற அமெரிக்க நிறுவனம், முதுமை மறதியைத் தள்ளிப்போடும் என்ற ரீதியில் விளம்பரம் செய்ததற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று அந்நாட்டு வணிக ஆணையம் வழக்குப் போட்டு, 2016ல் 20 லட்சம் டாலர் கட்ட வைத்தது. ஒரு விளையாட்டைத் திரும்பத் திரும்ப ஆடினால் அந்த விளையாட்டில் கெட்டிக்காரர் ஆகலாம். அந்தத் திறமை மாத்திரை நேரத்தை நினைவில் வைப்பதற்கும் வீட்டுக் கணக்குப் பார்ப்பதற்கும் கைகொடுக்கும் என்பதற்கு வலுவான சான்று கிடையாது. மாறாக, பின்லாந்தில் 60 முதல் 77 வயதுக்குட்பட்ட 1,260 பேரை வைத்து நடத்திய ஆய்வில் பாதிப் பேருக்கு உணவு ஆலோசனை, உடற்பயிற்சி, மூளைக்குப் பயிற்சி, ரத்த அழுத்தக் கண்காணிப்பு எல்லாவற்றையும் சேர்த்து இரண்டு வருடம் கொடுத்தார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் சோதனைகளில் நன்றாகச் செய்தது 2015ல் வெளியானது. தனியாக ஒன்றைக் கொடுத்ததில் வந்த பலன் இல்லை அது, எல்லாம் சேர்ந்து வந்தது.

நம் நாட்டிலிருந்தும் ஒன்று சொல்கிறேன். ஹைதராபாதில் டாக்டர் சுவர்ணா அல்லாடியின் குழு 648 டிமென்ஷியா நோயாளிகளின் விவரங்களைப் பார்த்து 2013ல் ஒரு கட்டுரை வெளியிட்டது. ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை வருடம் தள்ளி ஆரம்பித்திருந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடமும் அந்த வித்தியாசம் இருந்தது. எங்கள் நெசவாளர் தெருக்களில் வீட்டுக்குள் கன்னடம், தெலுங்கு, வெளியே தமிழ். அந்தப் பெரியவர்களுக்குத் தமிழ் புழங்கிய இடம் தறிக்கூடமும் படிப்பகமும்தான். தறி ஏற்கனவே நின்றுவிட்டது.

கிளை நூலகம் இருக்கிறதே என்றும் கேட்டீர்கள். இருக்கிறது, நல்ல நூலகம்தான். பைபாஸுக்கு அந்தப் பக்கம், முதல் மாடியில். முழங்கால் தேய்ந்தவர் அந்த ரோட்டைக் கடந்து அந்தப் படியில் ஏற முடியுமா என்று ஒரு தடவை உங்கள் வீட்டுப் பெரியவரைக் கூட்டிப்போய்ப் பாருங்கள். தவிர, நூலகத்தில் பேசக் கூடாது. அது அங்கே சரியான விதி. எங்களுக்கு வேண்டியது பேசலாம் என்கிற இடம். 1948ல், விடுதலை பெற்ற இந்தியாவிலேயே முதலில் பொது நூலகச் சட்டம் போட்டது அன்றைய சென்னை மாகாணம். இன்றும் சொத்து வரி ரசீதில் நூலக வரி தனி வரியாக வருகிறது, நாங்களும் கட்டுகிறோம். ஊர் மக்களுக்கு வாசிக்க இடம் கொடுப்பது அரசின் கடமை என்று அத்தனை வருடத்துக்கு முன்பே முடிவு செய்த மண்ணில் இருந்துகொண்டு பேப்பர் பெஞ்சை வீண் செலவு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது.

நகராட்சிக்கு வருமானம் வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் பேருந்து நிலைய வளாகத்திலேயே ஏலம் போகாத கடைகள் ஷட்டர் இறங்கிக் கிடக்கின்றன. அவற்றை விட்டுவிட்டு இந்தக் கட்டடத்தில் ஏன் கை வைக்கிறீர்கள்?

நான் கேட்பது இவைதான். ஏலத் தீர்மானத்தை அடுத்த மன்றக் கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள். அதுவரை காத்திருக்காமல் பூட்டை நாளைக்கே திறந்துவிடலாம். அதற்குத் தீர்மானம் தேவையில்லை, ஆணையர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். காலை ஆறு மணியிலிருந்து பத்து வரைக்கும், மாலை நான்கிலிருந்து ஏழு வரைக்கும் திறந்திருக்க வேண்டும். வாசலில் இரண்டு படிக்குப் பதில் சாய்தளமும் கைப்பிடியும், மேஜைக்கு மேல் நல்ல விளக்கும், பூட்டி வைக்காத கழிப்பறையும் வேண்டும். முதியவர்கள் வெளியே வரத் தயங்குவதற்குக் கழிப்பறையும் ஒரு பெரிய காரணம். இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள்.

இதுவரை படிப்பகம் பெரும்பாலும் ஆண்கள் இடமாகவே இருந்துவிட்டது. இட்லிக்கடை அக்கா கடைசிவரை திண்ணையைத் தாண்டி உள்ளே வரவில்லை. மறதி நோய் அதிகம் வருவது பெண்களுக்கு, அதிலும் படிப்பு கிடைக்காத பெண்களுக்கு என்று மேலே சொன்னேன். மதியம் இரண்டு மணியிலிருந்து நான்கு வரை பெண்களுக்கென்று ஒதுக்குங்கள். வாசித்துக் காட்ட ஆள் வேண்டும். மகளிர் குழுவில் படித்த பெண்கள் இருக்கிறார்கள், சிறு மதிப்பூதியம் கொடுத்தால் வருவார்கள். சம்பளம் இல்லாமல் அந்த வேலையைத் தொடங்கி வைக்க நான் தயார்.

நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தோடு பேசி, மாதம் ஒரு நாளாவது ஒரு செவிலியரைப் படிப்பகத்துக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிபிக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி வரும் தன்னார்வலர்கள் மேல் எங்களுக்கு மரியாதை உண்டு. அதே கையோடு காது, கண், ஞாபகம் மூன்றையும் சோதிக்கச் சில நிமிடம் போதும். குறை தெரிந்தால் மேலே எங்கே அனுப்புவது என்பதும் எழுதி வைக்கப்பட வேண்டும். சென்னை கிண்டியில் 2024ல் 200 படுக்கைகளோடு தேசிய முதியோர் நல மையமே திறந்திருக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போக வேண்டியவர் யார் என்று இங்கே முதலில் தெரிய வேண்டும். காதுக்கருவி தேவைப்படுபவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையின் முகாமை எங்கள் ஊருக்குக் கேட்டு வாங்கித் தாருங்கள். முதியோர் தினத்தன்று சால்வை போர்த்தும் செலவை அதற்குப் பயன்படுத்தலாம்.

இதற்கான பதிலை எழுத்தில், அடுத்த மன்றக் கூட்டத்துக்கு முன்பாகத் தர வேண்டும். ஏலம் நிற்கவில்லை என்றால் மாவட்ட ஆட்சியரின் மக்கள் குறைதீர் கூட்டத்தில் இதே மடலை எல்லோருடைய கையெழுத்தோடும் கொடுப்போம். மன்றக் கூட்டம் நடக்கும் அன்று லைன்மேன் பெரியவரும், இட்லிக்கடை அக்காவும், முடிந்தால் என் அண்ணனும் என்னோடு பார்வையாளர் இடத்தில் இருப்பார்கள். அவர்களில் ஒருவருக்காவது பேச அனுமதி தாருங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற செவிலியர்,
உங்கள் நகராட்சியில் வரி கட்டும் குடிமகள்